மூன்று நாள் ஊறிய ரீடு

ஒரு தாளை வேண்டுமென்றே தப்பாகப் படித்துக் காட்டி, ஒரு மனிதருக்கு வரவேண்டியதை வராமல் செய்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கம்போல நாலு பக்கம் ஊர்ப் பெருமை பேசி, நடுவில் எங்கேயாவது இதை ஒளித்துவைத்துவிட்டு, கடைசியில் நல்லவனாகவே எழுந்து போய்விடுவேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு. இத்தனை ஆண்டுகளாக அதை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஊரிகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் மின்விசிறி ஓடிய ஒரே மூலை பேண்டுக்காரர்கள் பக்கம் இருந்ததால் அங்கே போய் உட்கார்ந்தேன். பொதுவாக நான் பேண்டு இருக்கும் பக்கம் போகிறவன் இல்லை. நேராகப் பந்திக்குப் போய்விடுவேன். அன்றைக்கு வெயில் என்னை ஏமாற்றிவிட்டது. கிளாரினெட் வாசித்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு பாட்டுக்கு நடுவில், சிவப்புக் கோட்டுப் பையிலிருந்து இருமல் மருந்து பாட்டில் ஒன்றை எடுத்தார். உள்ளே மருந்து இல்லை. கலங்கிய தண்ணீரில் ஒரு ரீடு மிதந்தது.

ரீடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஸ் குச்சியைப் பாதியாக வெட்டியது போல ஒரு நாணல் பட்டை. அடி தடித்திருக்கும், நுனி முடியைப் போல மெலிந்திருக்கும். அதைக் கிளாரினெட்டின் வாயில் வைத்துக் கட்டி ஊதினால் அந்த நுனிதான் அதிர்ந்து பேசும். மற்ற கறுப்புக் குழாயும் வெள்ளிச் சாவிகளும் அது பேசுவதை எடுத்துக்கொண்டு போகிறவைதான்.

அவர் மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. நனைந்த நாணல், பிழிந்துபோட்ட கரும்புச் சக்கை மறுநாள் வீசுமே, அது.

"இன்னா தண்ணி இது?" என்றேன்.

"பேத்தமங்களா ஏரித் தண்ணி சார். மூணு நாள் ஊறினாதான் ரீடு பதமாவும்."

"யாரு சொன்னாங்க?"

"எங்க பேண்டு மேஸ்திரி, ஏகாம்பரம். ரீடு பொட்டியிலயே இங்கிலீஷ்ல போட்டுக்கீதாம். அந்தக் காலத்துல ஆபீஸ்காரரு ஒருத்தரு படிச்சுக் காட்னாராம்."

"அவர் சரியாத்தான் படிச்சாரா?"

"இன்னா சார் நீங்க. பி.எஸ்ஸி. படிச்சவராம். தப்பாவா படிப்பாரு?"

கையிலிருந்த ரோஸ்மில்க் எனக்கு மூக்கில் ஏறியது. யாரோ முதுகைத் தட்டினார்கள். அந்த பி.எஸ்ஸி. நான்தான்.

அப்போது எனக்குக் கோலார் தங்கச் சுரங்கத்தில், எங்கள் வாயில் மைன்ஸ், அஸ்ஸே ஆபீஸில் வேலை. கீழேயிருந்து வரும் கல்லைப் பொடித்து, உருக்கி, அதில் தங்கம் எவ்வளவு என்று நிறுத்துச் சொல்ல வேண்டும். தராசு அத்தனை நுட்பமானது. பக்கத்தில் மூச்சு விட்டால் முள் ஆடும். பகலெல்லாம் மூச்சை அடக்கிவிட்டு, சாயங்காலம் மைன்ஸ் பேண்டு ஹாலில் போய் மூச்சை விடும் வாத்தியத்தை எடுப்பேன். இரண்டுமே எனக்கு முழுதாகக் கைகூடவில்லை. வீட்டில் நான் பழகும்போது பக்கத்து லைன் வீட்டு அம்மா ஒருவர் வந்து, "உங்க ஆடு கயித்துல மாட்டிக்கிச்சா?" என்று என் மனைவியிடம் கேட்டார். நாங்கள் ஆடு வளர்க்கவில்லை. என் மனைவி கொஞ்சமும் தயங்காமல், "அது அப்பிடித்தாங்க கத்தும், சாப்பாடு வெச்சா நின்னுடும்" என்றாள்.

பேண்டில் இரண்டாவது வரிசைக் கிளாரினெட் நாங்கள் இரண்டு பேர், நானும் ஏகாம்பரமும். ஏகாம்பரத்துக்கு அண்டர்கிரவுண்டில் டிரில்லிங் மெஷின் பிடிக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து குளித்து, ஈரத் தலையோடு வருவார். அவருக்கு நோட்டு, அதாவது சுரம் எழுதிய தாள், படிக்கத் தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. ஒருமுறை கேட்டால் போதும், கிளாரினெட்டில் வந்துவிடும். எனக்கு நோட்டில் புள்ளி விடாமல் படிக்கத் தெரியும். பட்டாளத்து பேண்டிலிருந்து ஓய்வு பெற்று வந்த எங்கள் பேண்டு மாஸ்டர் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார்: "மிஸ்டர், நீ படிக்கிற. அவன் ஊதறான்."

அந்த ஒரு வரியை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன், ஆபீஸுக்குக் கொண்டுபோனேன், தராசு முன்னால் உட்கார்ந்தும் அதையே நிறுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் கிளாரினெட்காரர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்கு ஒரு சலுகை இருந்தது. அதில் உட்காருகிறவர் ஒரு நாளும் பயிற்சிக்குத் தவறக்கூடாது என்பதால், அவருக்கு ஜெனரல் ஷிப்டில், சுரங்கத்துக்குள் இறங்காமல் மேலே வேலை வாங்கிக் கொடுத்துவிடுவார் மாஸ்டர். நான் ஏற்கெனவே மேலேதான் இருந்தேன். எனக்கு அந்தச் சலுகை செருப்புப் போட்டவனுக்கு இன்னொரு ஜோடி செருப்பு. ஏகாம்பரத்துக்கு அப்படி இல்லை. அவர் மனைவிக்கு அது ஐந்தாம் மாதம். நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் கீழே விபத்து என்று அர்த்தம்; அந்தப் பெண் சுரங்கக் குழியின் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடிவந்து, ஆளேற்றும் கேஜ் மேலே வந்து இவர் இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "மேல வந்துட்டாப் போதும் சார்" என்று என்னிடம்தான் சொன்னார். "அவ நின்னுக்கினு கீறத என்னால பாக்க முடில."

கேட்டபோது எனக்கு இரக்கம் வந்தது, பொய் சொல்லவில்லை. அந்த நாற்காலி மேல் ஆசையும் வந்தது. ஆசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரம் பெங்களூரிலிருந்து ரீடு வந்தது. மாஸ்டர் பெட்டிகளை மேஜைமேல் வைத்து, "பொறுக்கிக்கங்க. திங்கக்கெழம காலைல கிரவுண்டுல ஊதிக் காட்டணும்" என்று சொல்லிப் போய்விட்டார். இரண்டரை, மூன்று, மூன்றரை என்று பெட்டி மேல் எண் இருந்தது. எண் ஏற ஏற ரீடு கெட்டி. எண் பெரிதாக இருந்தால் சரக்கும் உயர்ந்தது என்று நினைக்காதவன் ஊரில் இல்லை. கெட்டி ரீடு தடித்த, இருண்ட குரல் கொடுக்கும். ஆனால் மூச்சை உறிஞ்சிவிடும். கொஞ்சம் பிசகினால் நாதம் வராமல் காற்று மட்டும் சீறும். மெல்லிய ரீடு சொன்னதும் பேசும். அதிகம் அழுத்தி ஊதினால் சுருதி இறங்கும். மாஸ்டர் எங்களுக்குக் கொடுத்திருந்த மவுத்பீஸ்கள் வாய் அகலமானவை. அவற்றுக்கு மெல்லிய ரீடுதான் பொருந்தும். அதிலும் எங்கள் ஊர் மார்கழிக் காலையில், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காய்ந்த காற்று வீசும்போது, ரீடின் நுனி சேலைக் கரைபோல நெளிந்துவிடும். திறந்த மைதானத்தில் நின்று ஊத இரண்டரைக்கு மேல் போகவே கூடாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊர்க் காற்றைத் தவிர மற்றதெல்லாம் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த இங்கிலீஷ் தாளில் இருந்தது. நான் படித்துவிட்டு ஒரு பெட்டி இரண்டரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு ரீடையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நடுவில் நிழல் ஒரு பக்கமாகச் சாயாமல் இருந்த நாலை மட்டும் தனியாக வைத்தேன். என் வாழ்நாளில் நான் சரியாகச் செய்த ரீடு வேலை அது ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் ஏகாம்பரம் அதே தாளோடு அஸ்ஸே ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். ஊரிகம் லைன்களில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் வரும். கோலார் கோர்ட்டுக் காகிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, மகன் பட்டாளத்திலிருந்து போட்ட கடிதம். நான் படித்தால் படித்ததுதான்.

"இன்னா போட்டுக்கீது சார்? எத எடுக்கிறது?"

நான் தாளை விரித்தேன். 'திறந்தவெளியில் மெல்லிய ரீடு' என்று இருந்த இடத்தை விரலால் தொட்டுக்கொண்டே, "வெளியில ஊதறதுக்குக் கெட்டி ரீடுன்னு போட்டிருக்கு. உனக்கு மூணரை" என்றேன். அவர் தலையாட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய் சொல்கிறவனுக்கு விவரம் சேர்க்காவிட்டால் கை அரிக்கும். அடுத்த வரியில், 'வாசிக்கும் முன் ஒரு நிமிடம் மட்டும் நனைக்கவும், அதிகம் ஊறினால் வீணாகும்' என்று இருந்தது. வெளியே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"புது ரீட மூணு நாள் ஊறப் போடணுமாம். ஏரித் தண்ணியில."

"நம்ம கொழாயில வர்றது பேத்தமங்களா ஏரித் தண்ணிதானே சார்?"

"அதான். அது போதும்."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குத் தராசு முள் நிற்கவேயில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். நின்றது. வேலை சுத்தமாக நடந்தது.

திங்கட்கிழமை ஏகாம்பரத்தின் ரீடு ஊறிப் பருத்து, குளிர்காற்றில் நெளிந்து போயிருந்தது. அவர் இரண்டு வரி ஊதுவதற்குள் கிளாரினெட் மூன்று முறை கீச்சிட்டது. பிறகு வெறும் காற்றுதான். கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்க ஊதினார். மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். நான் நோட்டைப் பார்த்துப் படித்தேன். நாற்காலி எனக்கு வந்தது.

வெளியே வந்து ஏகாம்பரம் என்னிடம் சொன்னது இது: "உங்க மேல தப்பு இல்ல சார். நீங்க சரியாத்தான் சொன்னீங்கோ. எனக்குத்தான் பதம் புடிபடல."

என் வெற்றி எப்படி இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் கழித்து மைதானத்தில் ஒரு விழா. எனக்குத் தனி வாசிப்பு. பத்து வரி போனதும் சயனைடு மேட்டுக் காற்று ஒன்று வந்து என் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தாள் போனதும் எனக்குப் பாட்டும் போய்விட்டது. கிளாரினெட்டை வாயில் வைத்தபடி மாடு மாதிரி நின்றேன். அப்போது பின்வரிசையிலிருந்து என் பாட்டு வந்தது. தடித்து, கொஞ்சம் கரகரத்து, ஒரு சுரம் தவறாமல். ஏகாம்பரம் அந்த மூன்றரை ரீடைக் கண்ணாடித் துண்டால் சீவிச் சீவி எப்படியோ பேசவைத்திருந்தார். நான் என்ன செய்தேன்? விரல்களை மட்டும் அசைத்தேன். முடிந்ததும் பெரிய அதிகாரி ஒருவர் இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். மாஸ்டர் மட்டும், "இன்னைக்குப் பரவால்ல மிஸ்டர், விரல் நல்லாப் போச்சு" என்றார். அதற்குப் பிறகு நான் கிளாரினெட்டை அதிகம் தொடவில்லை. ஆனால் நாற்காலியையும் விடவில்லை. பேண்டு கலையும்வரை அதில் உட்கார்ந்திருந்தேன்.

ஏகாம்பரம் மைன்ஸ் மூடும்வரை கீழேதான் இருந்தார். பிறகு கல்யாண பேண்டு கட்டினார். மேஸ்திரி ஆனார். இதெல்லாம் எனக்குத் தெரியும். பென்ஷன் காகிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருவார், படித்துச் சொல்வேன். ரீடைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசியதில்லை. நான் பயந்து பேசவில்லை. அவருக்கு அதில் பேச ஒன்றுமில்லை. தெரிந்த பாடம்தானே. அந்தப் பாடத்தைத் தன்னிடம் வந்த ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். குழாயில் ஏரித் தண்ணீர் நின்ற பிறகு பேத்தமங்களாவுக்கு பஸ் ஏறிப் போய் பாட்டிலில் பிடித்து வந்திருக்கிறார்கள். மூன்றரை வாங்கி, மூன்று நாள் ஊறவைத்து, பத்தில் ஏழைத் தூக்கிப்போட்டு, மிச்சத்தைச் சீவி, அதையும் நெஞ்சு வலிக்க ஊதியிருக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் நான் சொன்ன பொய்யை ஒரு ஊரே சிரத்தையாகக் காப்பாற்றி வந்திருக்கிறது.

ரோஸ்மில்க் மூக்கில் ஏறிய மறு வாரம் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி ரீடு வரவழைத்தேன். இரண்டரையைவிடவும் மெல்லிய இரண்டாம் நம்பர். அதிலிருந்த தாளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏகாம்பரத்தின் லைன் வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயதும் கீழே குடித்த தூசியும் சேர்ந்து அவருக்கு நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கும்.

"நீங்க எப்படி இருக்கீங்க?" என்றேன்.

"இன்னா சார், மரியாதி எல்லாம் பலமா கீது. எதுனா ஆயிப்போச்சா?"

அதுவரை நான் அவரை 'நீ' என்றும் அவர் என்னை 'நீங்க' என்றும்தான் பேசியிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அதோடு எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் என்ன இருந்தது, நான் என்ன படித்தேன், ஏன் படித்தேன். சுருக்கமாகத்தான் சொன்னேன், சமாதானம் சேர்க்கவில்லை.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அப்போ அந்தத் தண்ணி?"

"அதுவும் பொய்தான்."

"பஸ்சுல போயி புடிச்சாந்தேனே சார்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவ கடைசிவரைக்கும் ஷாஃப்ட் வாசல்ல வந்து நின்னா. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரியுமில்ல. சரி."

நான் எழுதிக் கொண்டுபோன தாளைப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இப்ப நீங்க சரியாத்தான் படிக்கிறீங்கன்னு நான் எப்பிடி நம்பறது?"

கேட்டுவிட்டு அவரே உள்ளே பார்த்து, "சுகுணா, இங்க வாம்மா" என்று கூப்பிட்டார். சுகுணா அவர் மருமகள். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிற பெண். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இங்கிலீஷ் தாளை ஒரு கையிலும் என் தமிழை இன்னொரு கையிலும் வைத்து வரி வரியாக ஒத்துப் பார்த்தாள். நான் பரீட்சைப் பேப்பர் திருத்தும் மேஜை முன்னால் நிற்பவன் மாதிரி இருந்தேன். எழுபது வயதைத் தாண்டியும் அந்த வியர்வை அதே வியர்வைதான்.

"எல்லாம் சரிதான் மாமா. ஒண்ணு மட்டும் தப்பு. இதுல ஒரு நிமிசம் நனைக்கணும்னு இருக்கு. சார் ரெண்டு நிமிசம்னு எழுதிருக்காரு."

சத்தியமாகக் கைதவறி எழுதியதுதான் என்று நான் திக்கித் திணறினேன். ஏகாம்பரம் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்து அடங்கியது.

"விடும்மா. மூணு நாள்லேர்ந்து ரெண்டு நிமிசத்துக்கு வந்துட்டாரு. இன்னும் கொஞ்ச நாள் குடுத்தா ஒரு நிமிசத்துக்கு வந்துருவாரு."

பிறகு கிளாரினெட்டை எடுத்துவரச் சொன்னார். ரீடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதை யாரும் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கவில்லை. ஒன்றை எடுத்து நாக்கில் ஈரம் செய்து, கட்டி, ஊதினார். மெல்லிய குரல்தான், அவருடைய பழைய கரகரப்பு அதில் இல்லை. ஆனால் ஒரு முழுப் பாட்டும் நிறுத்தாமல் வந்தது. இந்த ஐந்தாறு ஆண்டுகளில் மாமா ஒரு பாட்டை முடித்ததில்லை என்று சுகுணா பிறகு சொன்னாள். முடித்துவிட்டு அந்த ரீடைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோ லேசா சார் இது?"

ரீடைப் பெட்டியில் திரும்ப வைத்தார். "போய்ட்டு வாங்க" என்றார். திட்டியிருந்தால் வீட்டுக்கு நடந்துபோவது சுலபமாக இருந்திருக்கும்.

சில நாள் கழித்து கல்யாணத்தில் பார்த்த அந்தச் சிவப்புக் கோட்டுக்காரர் கடைத்தெருவில் என்னைப் பார்த்து நின்றார். "மேஸ்திரி சொல்ட்டாரு சார், ரெண்டாம் நம்பரே போதுமாம். யாரோ தப்பாப் படிச்சிட்டாராம் அந்தக் காலத்துல." கொஞ்சம் யோசித்து, "ஆனா ஏரித் தண்ணிய நாங்க விடல. ஒரு நிமிசம்னாலும் அதுலதான். வேற தண்ணியில அந்த வாசன வராது" என்றார். அவருக்கு அந்த 'யாரோ' யார் என்று ஏகாம்பரம் சொல்லவில்லை என்பது புரிந்தது. நானே சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சைக்கிளை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்.

பேண்டு ஹால் இருந்த இடத்தில் இப்போது முள்செடி. சங்கு ஊதுவதில்லை. நேரங்கெட்ட நேரத்தில் யாரும் எங்கேயும் ஓடுவதில்லை. அதெல்லாம் ஊர் இழந்தது. நான் இழந்தது வேறு. ஏகாம்பரத்துக்கு இன்னும் தாள் வருகிறது. நானே போய் வாசலில் உட்காருகிறேன், அவரும் எடுத்துக் கொடுக்கிறார். ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்கிறேன். பாதியில் குறுக்கிடாமல் மரியாதையோடு கேட்டுக்கொள்கிறார். முடித்ததும் தாளை வாங்கி நாலாக மடித்து, காலண்டர் ஆணியில் செருகிவைக்கிறார். சாயங்காலம் ரயிலில் சுகுணா வந்துவிடுவாள்.